மேடை, புத்தகம், பில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தன்னம்பிக்கை நூல் எழுதுவது, மேடையில் பேசுவது, அதையே பிழைப்பாகக் கொள்வது பற்றி பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதிப்பு, பயிற்சி, கணக்கு ஆகிய துறைகளில் இருப்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்ப்பகுதியை மட்டும் தருகிறோம்.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: வயது 41. மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீட். ஆபீஸிலும் அபார்ட்மெண்ட் விழாக்களிலும் நான் பேசினால் கைதட்டல் பலமாக வருகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பேச்சாளர் ஆகிவிடலாமா? முதலில் ஒரு புத்தகம் போடச் சொல்கிறார் நண்பர்.

கைதட்டலை வைத்து ராஜினாமா எழுதாதீர்கள். உங்கள் அபார்ட்மெண்டில் தட்டியவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள், டிக்கெட் வாங்காதவர்கள். உங்களை முன்பின் அறியாத ஒருவர் பணம் கொடுத்து அழைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடியும் அழைக்கிறாரா என்று பாருங்கள். அப்படி நான்கைந்து பேர் சேரும்வரை வேலையில் இருந்தபடியே சனிக்கிழமைகளில் செய்யுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் நியமனக் கடிதத்தில் வெளிவேலை பற்றி என்ன இருக்கிறது என்று படித்து, ஹெச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பர் சொல்வது தலைகீழ். புத்தகம் இந்தத் தொழிலில் விசிட்டிங் கார்டு மாதிரி. அதை வைத்து அறிமுகம் கிடைக்கும், அரிசி வாங்க முடியாது. அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர் டேல் கார்னகியை எல்லோரும் 'ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்' என்ற ஒரு புத்தகத்தால்தான் அறிவார்கள். ஆனால் அவர் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் பேச்சு வகுப்பு தொடங்கியது 1912இல். ஓர் இரவுக்கு 2 டாலர் கேட்டார், நிர்வாகி மறுத்துவிட்டார். வசூலில் பங்கு என்ற பேச்சில்தான் வகுப்பு நடந்தது. புத்தகம் வந்தது 1936இல், 24 வருடம் கழித்து. அதுவும் அவருடைய வகுப்புக்கு வந்த ஒரு பதிப்பக அதிகாரி வற்புறுத்தியதால். அத்தனை வருடம் வகுப்பில் எது எடுபடுகிறது, எது தூக்கம் வரவழைக்கிறது என்று பார்த்துவிட்டவருக்கு எழுத விஷயம் இருந்தது.

வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு மணி நேர உரைக்கு அழைப்பு வருவது மகளிர் தினம், ஆண்டு விழா, கல்லூரித் தொடக்க நாள் போன்ற சமயங்களில். வருடத்தில் அது சில நாள்தான். வாடகை கட்டுவது அரைநாள், ஒருநாள் பயிற்சி வகுப்பு: 25, 30 பேர், ஒரு குறிப்பிட்ட திறன். நிறுவனங்களின் பட்ஜெட்டில் 'ட்ரெயினிங்' என்று ஒரு தலைப்பு இருக்கும். 'மோட்டிவேஷன்' என்று இருப்பது அபூர்வம். அதனால் "வெற்றி உங்கள் கையில்" என்று கொண்டுபோனால் கதவு திறக்காது. "புதிதாக மேனேஜர் ஆனவர்களுக்கு, கடினமான பேச்சுகளைக் கையாளுவது எப்படி" என்றால் உட்காரச் சொல்வார்கள். பதினெட்டு வருட ஐ.டி. அனுபவம் உங்களுக்கு இருக்குமானால் அதுதான் சரக்கு. அதை மறைத்துவிட்டுப் பொதுவாக வாழ்க்கையைப் பற்றிப் பேசப் போகாதீர்கள்.

கட்டணத்தை அடுத்தவரைப் பார்த்து வைக்காமல் உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். மாதம் 90,000 வேண்டும், பயணம், போன், ஆடிட்டர் என்று 12,000 செலவு என்று வையுங்கள். வருடத்துக்கு 12,24,000. பணம் வரும் நாள் மாதத்துக்கு 6 என்றால் 72 அல்ல. தேர்வு, விடுமுறை, நிதியாண்டு முடிவு என்று மூன்று மாதம் படுத்துவிடும். ஆக 54 நாள். வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 22,700. இந்தத் தொகையை இன்று கூசாமல் கேட்க முடியுமா, கேட்டால் தருவார்களா? இரண்டுக்கும் "ஆம்" வரும் நாளில், பன்னிரண்டு மாதச் செலவுப் பணமும், கம்பெனி தந்த மருத்துவக் காப்பீட்டுக்குப் பதிலாகச் சொந்தக் காப்பீடும் கையில் இருந்தால், விலகலாம்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசகி: ஒரு கம்பெனிக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. பாக்கிப் பணம் வரவில்லை. வந்த பணத்திலும் 10 சதவீதம் பிடித்துவிட்டார்கள். இப்போது ஜிஎஸ்டி எண் கேட்கிறார்கள்.

மூன்று தனித்தனி விஷயங்கள். பிடித்தது டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமானவரி. தொழில்முறைச் சேவைக்காக ஒரே நிறுவனம் ஓர் ஆண்டில் தருவது 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000). பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். இது போன பணம் அல்ல. வருமானவரி இணையதளத்தில் உங்கள் பெயரில் அது வரவாகியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத கம்பெனிகளும் உண்டு. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரையுள்ள வருமானத்துக்கு வரி வருவதில்லை என்பதால், உங்கள் வருமானம் அதற்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டு முழுவதையும் திரும்ப வாங்கலாம். ரிட்டர்ன் போடாதவர்கள்தான் இழக்கிறார்கள்.

ஜிஎஸ்டி: ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. ஓசூரிலோ சென்னையிலோ போய்ப் பயிற்சி கொடுத்தாலும் சேவைக்கு இதே வரம்புதான். பதிவு இல்லாமல் பில்லில் 18 சதவீதம் சேர்த்து வாங்குவது குற்றம், அதை மட்டும் செய்யாதீர்கள். "பதிவு வரம்புக்குக் கீழே இருக்கிறேன்" என்று ஒரு பக்கத்தில் உறுதிமொழி கொடுத்தால் பல கம்பெனிகள் ஏற்கும். ஏற்காத பெரிய வாடிக்கையாளர் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால், நீங்களாக முன்வந்து பதிவு செய்வது லாபம். அதன்பின் வரவு இல்லாத மாதத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் விலை.

பாக்கிக்கு மருந்து உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு. ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் ஏஜெண்டிடம் போகாதீர்கள். குறு, சிறு நிறுவனமாகப் பதிவானவருக்கு வாங்கியவர் ஒப்பந்தத்தில் எழுதிய நாளுக்குள், எப்படிப் போனாலும் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. அதைவிட வேலை செய்வது இன்னொன்று: தாமதித்தால் அந்தத் தொகையை உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை கம்பெனி தன் வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. உங்கள் மின்னஞ்சலை ஹெச்.ஆருக்கு மட்டும் அனுப்பாமல் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் அனுப்பி, உத்யம் எண்ணைக் குறிப்பிடுங்கள். அக்கவுண்ட்ஸ்காரர்களுக்கு மார்ச் மாதத்தில் இது நன்றாகப் புரியும். ஆனால் பதிவுக்குப் பிறகு செய்த வேலைக்குத்தான் இந்தச் சட்டம் துணை நிற்கும். இந்தப் பழைய பாக்கிக்கு நினைவூட்டல் கடிதமும் வக்கீல் நோட்டீஸும்தான் வழி.

இனிமேல் பி.ஓ. (எழுத்திலான பணி ஆணை) கைக்கு வராமல் வகுப்பெடுக்கப் போகாதீர்கள். பி.ஓ.வில் தேதி, மணி நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பணம் தரும் நாள், ரத்தானால் எவ்வளவு, வகுப்பை வீடியோ எடுக்கலாமா கூடாதா, இத்தனையும் இருக்க வேண்டும். வீடியோ விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை பதிவு செய்ததை அடுத்த மூன்று பேட்சுக்கும் போட்டுக் காட்டிவிட்டால் உங்களை ஏன் மறுபடி கூப்பிடப் போகிறார்கள்?

அல்சூர் வாசகர் (ஓய்வுபெற்ற ஆசிரியர்): மாணவர்களுக்காகத் தன்னம்பிக்கை நூல் எழுதி முடித்துவிட்டேன். ஒரு நிறுவனம் 45,000 ரூபாய் கொடுத்தால் ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) உட்பட எல்லாம் செய்து, உலகம் முழுக்க விற்றுத் தருவதாகச் சொல்கிறது. நானே போட்டால் எவ்வளவு ஆகும்?

ஐ.எஸ்.பி.என்.னுக்குக் காசு கேட்கும் இடத்தில் உட்காராமல் எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் அது இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாக வழங்குகிறது. எழுதியவரே பதிப்பாளராக விண்ணப்பிக்கலாம். அச்சுப் பதிப்புக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண். வேறொருவருடைய எண்ணில் உங்கள் புத்தகம் வந்தால் ஆவணத்தில் பதிப்பாளர் அவர்தான். பின்னால் நீங்கள் மறுபதிப்பு போடும்போது சிக்கும்.

சொந்தச் செலவில் போடுவது ஒன்றும் கௌரவக் குறைவல்ல. இந்த வகை நூலுக்கே பெயர் தந்த 'செல்ஃப் ஹெல்ப்' என்ற, பிரிட்டனின் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய நூலை ரௌட்லெட்ஜ் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. 1859இல் ஜான் மர்ரே வழியாக, அச்சுச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டுதான் வெளியிட்டார். முதல் ஆண்டிலேயே 20,000 பிரதி போனது. (அதே ஆண்டு, அதே ஜான் மர்ரே வெளியிட்ட இன்னொரு புத்தகம் டார்வினுடையது.) ஸ்மைல்ஸும் கார்னகியைப் போல, பேசிய பிறகுதான் எழுதினார். லீட்ஸ் நகரத்தில் இளம் தொழிலாளர்களுக்குப் பேசிய உரைகளிலிருந்துதான் அந்த நூல் வளர்ந்தது.

இனி அச்சு. தமிழில் இந்த மாதிரி நூலுக்கு டெம்மி அளவு பழக்கம்: ஏறக்குறைய 5.5க்கு 8.5 அங்குலம். 16 பக்கம் ஒரு ஃபாரம். பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால் 30,000 சொல் 150 பக்கம். தலைப்புப் பக்கம், முன்னுரை, பொருளடக்கம் சேர்த்து 160, அதாவது சரியாக 10 ஃபாரம். 163 பக்கம் வந்துவிட்டால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரமோ அரை ஃபாரமோ காசு கட்ட நேரும். கடைசி அத்தியாயத்தில் இரண்டு பத்தியை வெட்டுங்கள், நூலும் தேறும். உள்தாள் 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) மேப்லித்தோ, அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேலே மேட் லேமினேஷன். இந்த மூன்றையும் பக்க எண்ணிக்கையையும் பிரதி எண்ணிக்கையையும் எழுதிக் கொடுத்து மூன்று அச்சகத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். வாயால் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தாளை மனதில் வைத்துச் சொல்வார்கள்.

500 பிரதிக்கு, பிரதி 75 ரூபாய் என்று ஒருவர் சொல்கிறார், விலை 200 வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விநியோகஸ்தர் 40 சதவீதம் கழிவு கேட்டால் கைக்கு 120. அச்சு போக 45. அதில் கூரியர், இலவசப் பிரதி, கட்டிலுக்கடியில் தங்கும் பிரதி எல்லாம் போக வேண்டும். அதனால் விலையை அச்சுச் செலவின் இரண்டரை மடங்குக்குக் குறையாமல் வைப்பது வழக்கம். அச்சான நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. பதிப்பகம் வழி வந்தால் ராயல்டி பெரும்பாலும் 10 சதவீதம்: 200 ரூபாய் நூலுக்கு 20 ரூபாய், 500 பிரதி முழுவதும் விற்றால் 10,000. உங்கள் 45,000 திரும்பி வர 2,250 பிரதி விற்க வேண்டும். இந்தக் கணக்கை அந்த நிறுவனத்திடம் போட்டுக் காட்டி, போன வருடம் அவர்கள் போட்ட பத்துத் தமிழ் நூல்கள் எத்தனை பிரதி விற்றன என்று கேளுங்கள்.

தட்டச்சில் ஒரு கண்ணி. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்புகள் இடம் மாறும், 'ஸ்ரீ' உடையும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஓட்டினால் 'கொ', 'கோ' எல்லாம் சிதறும். மாற்றிய பிறகு ஒருமுறை, பக்கம் வடிவமைத்த பிறகு ஒருமுறை என்று இரண்டு மெய்ப்பு (பிழை பார்த்தல்) கட்டாயம். இரண்டாவது மெய்ப்பை நீங்கள் பார்க்காதீர்கள். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டால் காலமும் எல்லையும் எழுதியிருக்கிறதா பாருங்கள். காலம் எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு என்று கொள்ளப்படும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா. ஆகவே எதுவும் எழுதாத ஒப்பந்தம் அவ்வளவு மோசமில்லை. "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும்" என்று எழுதியதுதான் மோசம், ஏனென்றால் பதிப்புரிமை உங்கள் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு ஓடும். ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 'பிரதி தீர்ந்து ஓராண்டுக்குள் மறுபதிப்பு போடாவிட்டால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்' என்ற வரியைச் சேருங்கள்.

வெளியிட்ட 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளரின் கடமை. சொந்தமாகப் போட்டால் அந்தப் பதிப்பாளர் நீங்கள்தான்.

ஸ்ரீராம்புரம் வாசகர்: தன்னம்பிக்கை எழுத்து என்பதே அமெரிக்க இறக்குமதிதானே?

பெயர் பிரிட்டனிலிருந்து வந்தது, மேலே சொன்னோம். சரக்கு பழையது: திருக்குறளில் 60, 61, 62ஆம் அதிகாரங்கள் ஊக்கம் உடைமை, மடி இன்மை, ஆள்வினை உடைமை. தமிழ் உரைநடையில் இதைத் தனி வகையாக வளர்த்தவர் அப்துற்-றஹீம். அடுத்த அலை எம்.எஸ். உதயமூர்த்தி, அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியராக இருந்து திரும்பி, 1988இல் மக்கள் சக்தி இயக்கம் தொடங்கியவர். இருவரையும் படிக்காமல் இத்துறையில் தமிழில் எழுத வருகிறவர்கள் ஆங்கிலப் புத்தகத்தின் வாக்கியத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படித்தால் தெரிந்துவிடுகிறது.

ஜீவன்பீமா நகர் வாசகி: பள்ளிகளில் பேசுகிறேன். கழுகு 40 வயதில் தன் அலகை உடைத்துக்கொண்டு மறுபிறவி எடுக்கும் கதையைச் சொன்னபோது ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவன் எழுந்து "பொய்" என்றான். என்ன செய்திருக்க வேண்டும்?

"நீ சொல்வது சரி" என்று சொல்லியிருக்க வேண்டும். அலகு உடைந்த கழுகு பட்டினியில் சாகும். ஐந்து மாதம் குகையில் உட்கார்ந்து புது அலகு வளரும்வரை அதற்கு யார் இரை கொண்டுவந்து கொடுப்பார்கள்? பறவைகள் இறகு உதிர்ப்பதும், அலகும் நகமும் தேய்ந்து வளர்ந்துகொண்டே இருப்பதும் உண்மை. அந்த உண்மையே பாடத்துக்குப் போதும்: ஒரே நாளில் அல்ல, சிறிது சிறிதாகப் புதுப்பித்துக்கொள்கிறது.

இந்த மேடைகளில் சுற்றும் இன்னும் சில சரக்குகளையும் சோதித்துவிடுவோம். "21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்பதன் மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். 'குறைந்தது' காணாமல் போய், 'முகம்' போய், 'பழக்கம்' வந்து உட்கார்ந்துகொண்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18இலிருந்து 254 வரை போனது. இந்த எண் தெரிந்தால் 22ஆம் நாள் தோற்ற மாணவன் தன்னை நொந்துகொள்ள மாட்டான். அதற்காகவாவது சரியானதைச் சொல்லுங்கள்.

"பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55" என்பதும் அப்படியே. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த சோதனைகள், ஒற்றைச் சொல்லைப் பேசும்போது பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்பவர் எதை வைத்து ஊகிக்கிறார் என்பதைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பொருந்துமென்றால் கன்னடம் தெரியாதவர் கன்னடப் பேச்சில் 93 சதவீதம் புரிந்துகொள்ள வேண்டும். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்க்கலாம். "இலக்கை எழுதி வைத்த 3 சதவீத மாணவர்கள் மற்ற 97 சதவீதம் பேரைவிடப் பணக்காரர் ஆனார்கள்" என்ற 1953 யேல் பல்கலைக்கழக ஆய்வு நடக்கவே இல்லை. அப்துல் கலாம் சொன்னதாக வரும் வாசகத்தை அவர் எழுதிய நூலில் பக்கம் காட்ட முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். அவர் சிறுவயதில் ராமேஸ்வரத்தில் பத்திரிகை போட்டதே போதிய கதை, அலங்காரம் வேண்டாம்.

கே.ஆர்.புரம் வாசகர்: 40 நிமிடம் என்று கூப்பிடுகிறார்கள். மேடை ஏறினால் "சார், இருபதில் முடியுங்கள்" என்கிறார்கள். மைக்கும் கூவுகிறது.

குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, எல்லாம் முடிந்து மிஞ்சுவதுதான் உங்கள் நேரம். 40 நிமிடத்தை ஒரே கயிறாகத் திரிக்காதீர்கள். தொடக்கம் 4, மூன்று துண்டு தலா 10, முடிப்பு 4, இரண்டு நிமிடம் சிரிப்புக்கும் இருமலுக்கும். எந்தத் துண்டு முதலில் விழும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து வையுங்கள். முடிப்பு மட்டும் விழக்கூடாது. வேகமாகப் பேசி நாற்பதை இருபதில் திணிப்பவர்களைப் பற்றித்தான் "பலசொல்லக் காமுறுவர்" என்று வள்ளுவர் 649இல் சொல்லிவிட்டார். பயிற்சிக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் நல்ல இடம்: 5 முதல் 7 நிமிடப் பேச்சு, 5இல் பச்சை, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு விளக்கு. "வந்து", "அதாவது" எத்தனை முறை வந்தது என்று எண்ணவே ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

மைக் கூவுவது, ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போவதால். நீங்கள் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நடந்து போயிருப்பீர்கள். பெட்டிகளுக்குப் பின்னால் நில்லுங்கள். கூவும்போது மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், இன்னும் கூவும். கைமைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் ஆபரேட்டர் வால்யூமை ஏற்றுவார், கூவல் அங்கே தொடங்கும். காலர் மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே. பொன்னாடை போர்த்தினால் முதலில் மூடுவது அதைத்தான். இரண்டு புது ஏஏ செல் உங்கள் பையில் இருக்கட்டும். ஸ்லைடை பிடிஎஃப் ஆகவும் கொண்டுபோங்கள், அவர்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருவது வாடிக்கை.

சிவாஜிநகர் வாசகி: ஹோட்டலில் இலவசக் கருத்தரங்கு என்று போன என் கணவர் 59,000 ரூபாய்க்கு 'மாஸ்டர்' வகுப்பில் கிரெடிட் கார்டில் சேர்ந்துவிட்டார். மூன்று பேரைச் சேர்த்தால் கமிஷன் தருகிறார்களாம். பணம் திரும்புமா?

முதலில் யாரையும் சேர்க்க வேண்டாம் என்று கணவரை நிறுத்துங்கள். ஆள் சேர்த்தாலே காசு என்ற அமைப்பு, 1978ஆம் ஆண்டுப் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்தில் வரக்கூடியது. நடத்துபவர் மட்டுமல்ல, ஆள் சேர்ப்பவரும் மாட்டலாம். தண்டனை 3 ஆண்டு வரை. 2021ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டத்தைத் தடை செய்கின்றன.

பணத்துக்கு இன்றே செய்ய வேண்டியது: வகுப்பிலிருந்து விலகுகிறேன், முழுத்தொகை வேண்டும் என்று மின்னஞ்சல். போனில் பேசினால் மனதை மாற்றிவிடுவார்கள், அவர்கள் தொழிலே அது. ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் தந்த வாக்குறுதிகள் எல்லாவற்றையும் சேமியுங்கள். குழுவிலிருந்து நீக்கிவிட்டால் கிடைக்காது. கார்டு வங்கியிடம் எழுத்தில் தகராறு பதிவு செய்யுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல இடங்களில் இந்தப் படியிலேயே பணம் வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். "மூன்று மாதத்தில் வருமானம் இரட்டிப்பு" என்று அச்சில் உறுதி கொடுத்திருந்தால் அந்தத் தாள் உங்கள் சிறந்த சாட்சி. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

மாரத்தஹள்ளி வாசகர்: கம்பெனி ஆஃப்சைட்டில் தீ மேல் நடக்கச் சொல்கிறார்கள். பயத்தை வெல்லவாம். மறுக்கலாமா?

தாராளமாக. ஊரில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே விரதமும், குண்டம் இறக்கத் தெரிந்த ஆட்களும் உண்டு. ரிசார்ட் புல்வெளியில் அது கிடையாது. சாம்பல் பூத்த மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், கால் படுவதும் கொஞ்ச நேரம்தான். மனவலிமைக்கு இதில் பெரிய பங்கில்லை. நடுவில் நின்றால், ஓடி அழுத்தி மிதித்தால், விரலிடுக்கில் கங்கு ஒட்டினால் சுடும். 2016இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் டோனி ராபின்ஸ் நிகழ்ச்சியில் 30க்கும் மேற்பட்டவர்களுக்குக் கால் சுட்டது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர் கிட்டேயே போகக்கூடாது, சுடுவதே தெரியாது. சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். மறுப்பை முதல் நாளே ஹெச்.ஆருக்கு எழுதிவிடுங்கள், கூட்டத்தின் நடுவே கை தூக்குவது கஷ்டம்.

பொம்மனஹள்ளி வாசகி: பி.யு. இரண்டாம் ஆண்டு (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் மகன் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. பிரபல பேச்சாளர் ஒருவரின் மூன்று நாள் முகாமுக்கு அனுப்பலாமா?

வேண்டாம், அம்மா. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பேச்சு மூன்றும் மாறினால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது. முகாமில் "சோம்பலை உதறு" என்று மைக்கில் சொல்வதைக் கேட்டு, தன்மேலேயே குற்றம் சுமத்திக்கொண்டு திரும்புவான். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416: 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. வெளிநோயாளியாக நேரே கூட்டிப்போகலாம். சாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் தனியே விடாமல், அன்றைக்கே. உளவியலாளரிடம் போவதானால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். 'லைஃப் கோச்' என்ற பலகைக்கு எந்தப் பதிவும் தேவையில்லை.

ராமமூர்த்தி நகர் வாசகர்: தமிழ் அமைப்புகள் கூப்பிடுகின்றன. பொன்னாடையும் ஷீல்டும்தான். பணம் என்று வாய் திறந்தால் "தமிழுக்காக" என்கிறார்கள். எப்படிக் கேட்பது?

நிகழ்ச்சி முடிந்து கேட்காதீர்கள், அழைக்கும் போனிலேயே கேளுங்கள். "மகிழ்ச்சி ஐயா, வருகிறேன். போக்குவரத்துக்கு 1,500, பேச்சுக்கு உங்களால் முடிந்தது எவ்வளவு என்று சொன்னால் தேதியைக் குறித்துக்கொள்கிறேன்." தொகையை அவர்கள் வாயால் வரவிடுங்கள். "ஒன்றும் இல்லை" என்றால், வருடத்துக்கு நான்கு மேடை இலவசம் என்று நீங்களே ஒரு கணக்கு வைத்து, அதில் இடமிருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மூன்று கேளுங்கள்: புத்தக மேஜை போட வாசல் பக்கம் இடம், முழுப் பேச்சின் வீடியோ, அமைப்பின் லெட்டர்ஹெட்டில் நாலு வரிக் கடிதம். மேஜையில் உறவினர் ஒருவர் ஸ்கேன் அட்டையும் 50 ரூபாய்ச் சில்லறையுமாக உட்காரட்டும். 200 ரூபாய் நூலை அன்றைக்கு மட்டும் 150க்குக் கொடுத்தால், கழிவு இல்லாத விற்பனை என்பதால், கடையில் விற்றால் வரும் 120ஐவிட உங்களுக்கு 30 ரூபாய் கூடுதல். நன்றியுரை தொடங்குவதற்கு முன் மேஜைக்குப் போய்விடுங்கள். அது முடிந்தால் எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவார்கள்.